தேக்சா மூடியில் ஒரு சூரியன்

எங்க அத்தாவை நான் அதிகமாகப் பார்த்தது நெற்றியாகத்தான். சில நாள் ஒரு காது. நல்ல நாளாக இருந்தால் மூக்குவரைக்கும் வருவார். சவூதியில் தம்மாமில் ஒரு குடோனில் அவருக்கு வேலை. வீடியோ கால் வந்த காலத்திலிருந்து போனை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இப்ப சரியா வருதாப்பா?" என்று மேலே சுற்றும் ஃபேனைக் காட்டுவார்.

ஆனால் தப்பு முழுக்க எங்கள் பக்கம் என்பதுதான் அவர் கட்சி. "உங்க பக்கந்தான் இருட்டா இருக்குது. ஒருத்தர் முகமும் தெரியல. லைட்ட போடுங்க" என்பார். லைட்டு எரிந்துகொண்டுதான் இருக்கும். மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டின கடைசி வீடு எங்களுடையது. கரண்டு எங்களிடம் வந்து சேரும்போது வழியில் எல்லா வீட்டிலும் டீ குடித்துவிட்டுக் களைத்துப்போய்த்தான் வரும். சாயங்காலம் எங்க டியூப்லைட்டைப் பார்த்தால் அதுக்கே உடம்பு சரியில்லாத மாதிரி இருக்கும்.

அவர் அங்கே போனபோது என் தங்கச்சி ஷபானா ரெட்டை ஜடையில் ஸ்கூல் போய்க்கொண்டிருந்தாள். லீவில் வருவார், பெட்டியைப் பிரிப்பார், வாசம் வீட்டில் அடங்குவதற்குள் பெட்டியை மறுபடி கட்டுவார். நடுவில் அவள் வளர்ந்தது எல்லாம் அந்த மங்கல் போனில்தான் அவருக்கு நடந்தது. "ஷபா உயரமாயிட்டாளா, இல்ல நீ போன கீழ வச்சிருக்கியா?" என்று ஒரு தடவை கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். எங்க அம்மா மெஹருன்னிசா சிரிக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஷபானாவுக்குக் கோட்டக்குப்பத்தில் இடம் அமைந்தது. நிச்சயத்துக்கு நாள் பார்த்தாகிவிட்டது. அத்தா லீவு கேட்டார். நிக்காஹுக்கு வேண்டுமானால் போ, நிச்சயத்துக்கெல்லாம் ஆள் அனுப்ப முடியாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

"பரவால்லம்மா, போன்ல பார்த்துக்குறேன்" என்றார் அத்தா. நெற்றி போனுக்கு இன்னும் பக்கத்தில் வந்தது. பிறகு, "ரியாசு, அன்னைக்காவது நல்லா வெளிச்சமா காட்டுப்பா. சீனி ஊட்டும்போது அவ முகம் தெரியணும்" என்றார்.

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து பெண்ணுக்குப் பூ வைத்து வாயில் சீனி ஊட்டுவார்கள். அதுதான் நிச்சயத்தின் உச்சம். அந்த ஒரு நிமிடம் அத்தாவுக்கு வேண்டும்.

"நான் பார்த்துக்குறேங்கத்தா" என்றேன். (இந்த வாக்கியத்தை நான் சொல்லும்போதெல்லாம் யாராவது என் வாயைப் பொத்தியிருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும்.)

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்க வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அத்தா இங்கே உப்பு லாரியில் மூட்டை ஏற்றியவர். பாஸ்போர்ட்டுக்காகத்தான் கையெழுத்துப் போடவே கற்றுக்கொண்டார். நான் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தேன். நான் படித்தது என்ன என்பது வீட்டில் யாருக்கும் புரியவில்லை. அத்தாவின் அக்கா, எங்க ஜமீலா குப்பி, ஊர் முழுக்க "எங்க ரியாசு கரண்டு படிச்சிருக்கான்" என்று சொல்லி வைத்திருந்தார். அதனால் தெருவில் எந்த வீட்டு மிக்ஸி நின்றாலும் என்னைக் கூப்பிடுவார்கள். (எனக்கு மிக்ஸி தெரியாது. சிலபஸில் மிக்ஸி இல்லை.)

பந்தல் போட வந்த சவுண்ட் சர்வீஸ்காரர், "ரெண்டு ஃபோகஸ் லைட்டு சேர்த்துப் போட்டுடறேன் தம்பி" என்றார். நான் ஒரு மாதிரி சிரித்து, "வேணாங்க, லைட்டு நான் செய்யுறேன்" என்றேன். வாடகை லைட்டில் என் தங்கச்சி முகத்தை அத்தா பார்ப்பதா? அவர் இத்தனை வருஷம் அங்கே வெந்ததற்கு இங்கே நான் என்ன ஆனேன் என்று அவருக்கு ஒரு தடவை காட்ட வேண்டாமா? மார்க் ஷீட்டைக் காட்டினால் நெற்றி "மாஷா அல்லாஹ்" என்னும். லைட்டைக் காட்டினால் புரியும்.

நெட்டில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டிலேயே நூறு வாட்ஸ் எல்.இ.டி. ஃப்ளட் லைட் செய்து, ஒரு காட்டையே பகலாக்கிக்கொண்டிருந்தார். நான் பாண்டிக்கு பஸ் ஏறினேன். கடைக்காரர் அதற்கான எல்.இ.டி. சிப்பை எடுத்து வைத்தார். மஞ்சள் பட்டாணியைத் தட்டிச் சதுரமாக்கிய மாதிரி இருந்தது. இதிலிருந்தா அவ்வளவு வெளிச்சம் வரும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. அதற்குக் கரண்டை அளந்து கொடுக்க டிரைவர் என்று ஒரு டப்பா; அதையும் வாங்கினேன்.

"ஹீட் சிங்க் வேணாமா தம்பி? கொதிக்கும் அது."

"வீட்ல இருக்குங்க."

வீட்டில் இருந்தது அம்மாவின் தேக்சா மூடி. பெருநாள் பிரியாணிக்கு மட்டும் பரணிலிருந்து இறங்குகிற பெரிய பாத்திரம் அது. மூடி கனத்த அலுமினியம், நடுவில் நல்ல தட்டை. சூட்டை உறிஞ்சி வெளியே விட அலுமினியத்தைவிட என்ன வேண்டும்? ஓட்டை போட்டேன். சிப்பை வைத்து ஸ்க்ரூ முறுக்கினேன். பின்பக்கம் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றின ஃபேன். சிப்புக்கும் மூடிக்கும் நடுவில் சூடு கடத்துகிற பேஸ்ட் ஒன்று தடவ வேண்டும். அதை வாங்க மறந்துவிட்டேன். பல் விளக்குகிற பேஸ்டும் அவசரத்துக்கு ஆகும் என்று எவரோ நெட்டில் எழுதியிருந்தார். அவசரத்துக்கு என்ற சொல் என் கண்ணில் படவில்லை. டிரைவரை ஒரு ஸ்வீட் டப்பாவுக்குள் வைத்து டேப் ஒட்டினேன்.

அந்தி நேரத்தில் மொட்டை மாடியில் வைத்துப் போட்டுப் பார்த்தேன். பக்கத்தில் என் கூட்டாளி செல்வம். அவன் வீட்டில் எல்லாரும் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். அவன் பால் வண்டி ஓட்டுகிறான்.

சுவிட்சைத் தட்டியதும் செல்வம் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டுக் கையால் கண்ணை மூடினான். கீழே அடைந்திருந்த கோழிகள் ஒவ்வொன்றாகக் கூண்டை விட்டு வெளியே வந்து மேய ஆரம்பித்தன.

"டேய், இன்னாடா பண்ணி வச்சிருக்க! பொழுது விடிஞ்சிடுச்சுடா!"

நான் உப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாத்தி பாத்தியாக, வரப்பில் வரிசையாக, ஒவ்வொரு உப்புக் குவியலும் தனித்தனியாகத் தெரிந்தது. அத்தா போன பிறகு அவர் மூட்டை தூக்கின இந்த இடத்தை எந்தப் போனும் அவருக்குச் சரியாகக் காட்டினதில்லை. நிச்சயம் முடிந்ததும் லைட்டை இந்தப் பக்கம் திருப்பி இதையும் காட்டிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். (அப்போது லைட்டை நேராகப் பார்த்துவிட்டேன். மறுநாள் முழுக்க எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு பச்சைப் பொட்டு.)

நிச்சய நாள் வந்தது. மத்தியானம் மழையும் வந்தது.

உப்பு சீசனை முடித்து வைக்கிற முதல் நல்ல மழை. உப்பளத்தில் தார்ப்பாய் இழுத்து மூடினார்கள். நாலரைக்கு விட்டுவிட்டது, பந்தல் லேசாகச் சொட்டியதோடு சரி. எல்லாரும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னோம். ஆனால் எங்க பக்கம் முதல் மழை பெய்த சாயங்காலத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஈசல் கிளம்பும் என்று தெருவில் எல்லா வீட்டிலும் லைட்டை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். எங்காவது ஒரு வீட்டில் மறந்து எரிந்தால், மொத்தமும் அங்கே போகும். இது பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

ஜமீலா குப்பி கேட்டார், "ஏண்டா, இன்னைக்குப் போய் லைட்ட போடலாமா? ஈசல் வருமே."

"குப்பி, இது எல்.இ.டி. இதுல அல்ட்ரா வயலட் கெடையாது. பூச்சிக்கு இது கண்ணுக்கே தெரியாது."

"அப்படியா? படிச்ச புள்ள சொல்றான்" என்று குப்பி மற்ற பெண்களிடம் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது.

வீட்டுக்குள் இடம் போதாது. முன்பக்கம் ஆண்களுக்குப் பந்தல். பின்பக்கம், உப்பளத்தைப் பார்த்த வெட்டவெளியில் படுதா கட்டிப் பெண்களுக்கு. அங்கேதான் நாற்காலியில் ஷபானா. லைட்டு மொட்டை மாடியில், அவளுக்கு நேர் மேலே. சுவிட்சுப் பக்கத்தில் நானும் செல்வமும்.

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை முடிந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். அம்மா போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மேலேயிருந்து எட்டிப் பார்த்தேன். அத்தா அன்றைக்குப் போனைச் சரியாகப் பிடித்திருந்தார். முழு முகம். வெள்ளைச் சட்டை, தொப்பி, குடோனில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"அத்தர் எல்லாம் போட்டுட்டு உட்கார்ந்திருக்கேன் மெஹரு" என்றார்.

"போன்ல வாசம் வருமாங்க?"

"வராது. பொண்ணுக்கு நிச்சயம்ல."

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். முன்பக்கம் பள்ளிவாசல் ஹஜ்ரத் துஆ ஓதி முடித்தார். மாப்பிள்ளையின் அம்மா சீனிக் கிண்ணத்தை எடுத்தார். "ரியாசு, போடுடா!" என்று கீழேயிருந்து குரல் வந்தது. போட்டேன்.

படுதாவுக்குள் ஒரே நேரத்தில் எல்லாப் பெண்களும் "அல்லாஹ்!" என்றார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஒரு கையால் கண்ணை மறைத்து, மறு கையில் ஸ்பூனை நீட்டினார். அது ஷபானாவின் கன்னத்தைத் தாண்டி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜமீலா குப்பியின் வாய்க்குள் போனது. குப்பி மரியாதைக்காக முழுங்கிவிட்டார்.

"ருசியா இருக்குது சம்பந்தி. ஆனா பொண்ணு இந்தப் பக்கம்."

அப்போது ஸ்பீக்கரில் அத்தாவின் குரல்.

"மெஹரு, எதக் காட்டுற? ஒரே வெள்ளையா இருக்குது. உப்புக் குவியலா? பொண்ணு எங்க?"

"உங்க பொண்ணுதாங்க அது!"

"எது?"

போன் கேமராவுக்கு அவ்வளவு வெளிச்சம் தாங்கவில்லை. முகம், சேலை, பூ எல்லாம் ஒரே வெள்ளை. கோணம் சரியில்லை, இன்னும் கொஞ்சம் இறக்கினால் சரியாகும் என்று மூடியைப் பிடித்து நேராக ஷபானா மேல் திருப்பினேன். சூடு கையைச் சுட்டது. அத்தா, "இப்ப மூக்கு மாதிரி ஒண்ணு தெரிஞ்சுச்சு... போயிடுச்சு" என்றார்.

"அண்ணே, அணைச்சுத் தொலையேன்!" என்று ஷபானா கண்ணை மூடிக்கொண்டே கத்தினாள். மணப்பெண் நிச்சயத்தன்று பேசின முதல் வார்த்தை அது. கோட்டக்குப்பத்தில் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

அணைத்திருக்க வேண்டும். ஆனால் அத்தா இன்னும் முகத்தைப் பார்க்கவில்லையே. அந்த ஒரு நிமிடம் இன்னும் முடியவில்லையே. "இதோ சரியாயிடும்" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஏதோ ஒன்று என் காதில் மோதியது. அடுத்தது மூக்கில்.

மரக்காணமே இருட்டில் உட்கார்ந்திருந்தது. உப்பளம், சவுக்குத் தோப்பு, வேலிக்காத்தான் புதர் எல்லாம் கறுப்பு. அந்த இருட்டில் எரிந்த ஒரே லைட்டு என்னுடையது. சுற்றுவட்டாரத்து ஈசல் எல்லாம் அழைப்பு வந்த மாதிரி குடும்பத்தோடு வந்து சேர்ந்தன. படுதாவுக்குள் மழை மாதிரி இறங்கின. பெண்கள் முந்தானையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து, படுதாவுக்கு அந்தப் பக்கம் பிரியாணி ஆக்கிக்கொண்டிருந்த பண்டாரியின் குரல் கேட்டது.

"தேக்சாவுக்கு மூடி கேட்டேனே, தட்டக் குடுத்து மூடச் சொன்னீங்களே, பாதி தெறந்து கெடக்குது! மூடி எங்கம்மா?"

"பரண்லதான் இருந்துச்சு..." என்ற அம்மா, அப்படியே தலையைத் தூக்கி மேலே பார்த்தார். பண்டாரியும் பார்த்தார். பார்த்த எல்லாரும் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள்.

"மேல எரியுதே, அதாங்க நம்ம மூடி!" என்றார் பண்டாரி.

நான் கீழே குனிந்து பிரியாணியைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். வேகமாகத் திறந்து மூடுகிற கண் மாதிரி சோற்றின் மேல் சிறகுகள் மின்னின. செல்வம் மட்டும் எங்கிருந்தோ ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டு வந்து லைட்டுக்குக் கீழே வைத்து, விழுகிறதையெல்லாம் சேர்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாடா பண்ற?"

"எங்கம்மா வறுக்கும்டா, பொரியோட. இவ்ளோ ஈசல நான் ஜென்மத்துல பார்த்ததில்ல மச்சான். சூப்பர் லைட்டுடா."

அந்த லைட்டுக்கு அன்றைக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

அதற்குள் புதினா வாசம் வந்தது. பிரியாணியிலிருந்து என்று நினைத்தேன். இல்லை. பல் பேஸ்ட் காய்ந்து கருகிக்கொண்டிருந்தது. ஃபேனுக்குள் சிறகு அடைத்து அது எப்போதோ நின்றுவிட்டிருந்தது. சிப் ஒரு ஓரத்தில் மட்டும் கறுத்தது, "டப்" என்றது. ஸ்வீட் டப்பாவுக்குள்ளிருந்து ஒரு பொறி. வீட்டு ஃப்யூஸும் சேர்ந்து போனது.

எல்லாம் அணைந்தது. பிறகு அந்த இருட்டில், தம்மாமிலிருந்து ஒரே ஒரு குரல்.

"ஹலோ... மெஹரு? ஷபா? என்னம்மா ஆச்சு? ஹலோ?"

முன்பக்கம் மாப்பிள்ளையின் பெரியப்பா ஏதோ முணுமுணுத்தார். இந்தச் சம்பந்தமும் சிப்போடு போய்விட்டது என்று நான் முடிவு செய்தேன். படுதாவுக்குள் யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா! சிரிப்பு அடங்காமல், "பொண்ணுக்கு இன்னும் சீனி போகலியே, குடுங்க, தடவிப் பார்த்தே ஊட்டுறேன்" என்றார். சிரிப்பு பந்தல் முழுக்கப் பரவியது. அவரும் இருட்டிலேயே கையால் வாயைத் தேடி ஊட்டினார். இந்த முறை சரியான வாய்.

அந்தச் சந்தடியில் நான் மேலேயிருந்து ஒன்றைப் பார்த்தேன். ஷபானா, அம்மா கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். படுதாவை விலக்கி, நிச்சயச் சேலையோடு, உப்பளத்து வரப்பு மேல் தனியாக நடந்து போனாள். போன் வெளிச்சம் மட்டும் சின்னச் சதுரமாகப் போனது. அதில் அவள் முகத்தில் பாதி எனக்குத் தெரிந்தது. ரொம்ப நேரம் பேசினாள். ஒரு இடத்தில் குனிந்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பிறகு சிரித்தாள்.

எனக்குத் தெரிந்த அந்தப் பாதி அவருக்குத் தெரிந்ததா என்று நான் இருவரிடமும் கேட்டுவிட்டேன். "பேசினோம்ப்பா" என்கிறார் அத்தா. "பேசினோம்" என்கிறாள் அவள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. நானும் இறங்கி ஓடிப் போய் அந்தச் சதுரத்துக்குள் தலையை நீட்டியிருக்கலாம். கையில் சுட்ட மூடியைப் பிடித்துக்கொண்டு மாடியிலேயே நின்றுவிட்டேன். அவள் திரும்பி வரும்போது போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் அன்றைக்குக் கடைப் புரோட்டா சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அம்மா என்னிடம் மூடியைப் பற்றி மட்டும்தான் பேசினார். அதை இன்னும் பேசி முடிக்கவில்லை.

மறுநாள் அத்தா கூப்பிட்டார்.

"நீ செஞ்ச லைட்டு எங்கப்பா? காட்டு, பார்ப்போம்."

"எரிஞ்சுடுச்சுங்கத்தா."

"அய்யோ. நான் அதப் பார்க்கவே இல்லயே. வெளிச்சந்தான் பார்த்தேன்."

எரிந்த சிப்பைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "இத்துணூண்டா?" என்றார். பிறகு, "இதையெல்லாம் ஸ்கூல்ல சொல்லித் தராங்களா?" என்றார். பல் விளக்குகிற பேஸ்ட் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை.

நிக்காஹ் நல்லபடியாக, பட்டப்பகலில் நடந்தது. (நேரத்தை மாற்றியது மாப்பிள்ளை வீடு. காரணம் கேட்கவில்லை.) அத்தா வந்தார், மகளைக் கண் நிறையப் பார்த்தார், பெட்டியைக் கட்டினார், போய்விட்டார். கோட்டக்குப்பத்தில் என் பெயர் லைட்டு மச்சான். எந்த விசேஷத்துக்கு அழைத்தாலும், "குடும்பத்தோட வாங்க, லைட்டு மட்டும் வேணாம்" என்று சொல்லித்தான் அழைக்கிறார்கள். எங்க வீட்டில் யார் சுவிட்சில் கை வைத்தாலும் குப்பி, "புள்ளைங்களா, கண்ண மூடிக்கங்க" என்பார். தம்மாமில் அத்தாவின் போனில் அன்றைக்கு அவர் எடுத்த ஒரு ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. முழு வெள்ளை. ரூமில் இருக்கிறவர்கள் நிலா என்கிறார்கள், எக்ஸ்ரே என்கிறார்கள். "என் பொண்ணு நிச்சயம்" என்று அத்தா சொல்லிக் காட்டுவாராம். அழிக்க மாட்டேன் என்கிறார்.

போன பெருநாளன்று ராத்திரி அவரிடமிருந்து வீடியோ கால். ஆன் செய்தால் போன் முழுக்க வெள்ளை. ஒன்றும் தெரியவில்லை.

"அத்தா?"

வெள்ளைக்குள்ளிருந்து அடக்க முடியாத சிரிப்பு வந்தது. கம்பெனி முற்றத்தில் பெரிய கம்பத்தில் ஃப்ளட் லைட் போட்டிருக்கிறார்களாம். அதற்குக் கீழே போய் நின்று, போனை அதற்கு நேராகப் பிடித்திருந்தார்.

"எப்படிடா? தெரியறனா?"

அவருக்கு இருமல் வருகிற அளவுக்குச் சிரிப்பு. வருஷக்கணக்கில் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"நல்லா தெரியறீங்கத்தா" என்றேன். "அப்படியே இருங்க."